சீலை லாச்சியில் தக்காளி

மூன்று வருடம் கிடப்பில் கிடந்த விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்து, என் மனைவி ராணி அடுத்த மாதம் டென்மார்க் வருகிறாள் என்று உறுதியானபோது, இங்கே இக்காஸ்ட் நகரில் என் பால்கனித் தக்காளிகள் எல்லாம் பச்சையாகவே தொங்கின. மேல் வீட்டு கிர்ஸ்டன், தன் தாயார் காலத்திலிருந்து எடுத்துவைத்து வரும் விதையில் முளைக்கவைத்துத் தந்த கன்றுகள் அவை. செப்டெம்பர் குளிரில் இனிப் பழுக்காது.

ராணிக்குச் சிவந்த பழம் கொடுத்தே ஆகவேண்டும் என்று எனக்கு வீம்பு. ஊரில் வாழைக்குலைக்குப் புகை போடுவது போல, பால்கனியிலேயே காய்களைப் பெட்டியில் அடுக்கிச் சாக்கால் மூடி, பக்கத்தில் தகர வாளியில் வைக்கோலைப் புகையவிட்டேன்.

பத்து நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. ராணி வரும் நேரத்தில் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்களோ என்ற பயத்தில் சாக்கை விலக்கிக் காய்களைக் காட்டினேன். "தக்காளி... பழுக்க..." என்று அரைகுறை டேனிஷில் சொன்னதும் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வண்டியை அழைத்த கிர்ஸ்டனும்தான்.

"அப்பிள் ஒன்றோடு அலுமாரி லாச்சிக்குள் போட்டு மூடுங்கள், தானாகவே பழுக்கும்" என்றார் கிர்ஸ்டன்.

அலுமாரியில் காலியாக இருந்தது ராணியின் சீலைகளுக்கு ஒதுக்கிய லாச்சி மட்டும். அதற்குள் போட்டேன். அவள் வருகிற பரபரப்பில் மறந்தும் போனேன்.

வந்த அன்று, சீலைகளைக் கையில் வைத்துக்கொண்டு லாச்சியை இழுத்தவள் அப்படியே நின்றாள். உள்ளே செக்கச்செவேலென்று தக்காளி.

"நான் வர முன்னம் என்ர இடத்தில ஆக்கள் குடிவந்திட்டினமோ?" என்று சிரித்தாள்.

இப்போது நான் புகை போடுவதில்லை. செப்டெம்பர் வந்தால் காய்கள் அப்பிளோடு என் லாச்சிக்குள் போகும். வெளியே வருவது என் சட்டைகள்.