ஐஸ்கிரீம் கிடங்கில் ஒரு பனிச் சுரங்கம்

பனியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்தி, பனியில் பிழைத்திருப்பது எப்படி என்று பாடம் நடத்திச் சம்பளம் வாங்குவதுதான் என் தொழில்.

சிரிக்காதீர்கள். தெரியாத விஷயத்தை நன்றாகத் தெரிந்த மாதிரி பேசிக் காலம் தள்ளுகிறவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். என் அவஸ்தை உங்களுக்குப் புரியும். பூமியின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற சுரங்கங்களுக்கு ஹைதராபாத்திலிருந்து டீசல் மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் என்று ஆள் அனுப்புகிற கம்பெனியில் நான் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். போகிறவர்கள் விரல், காது, மூக்கு எல்லாவற்றோடும் முழுசாகத் திரும்பி வரவேண்டும். வேலை அவ்வளவுதான். என் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான்.

மே மாதக் குளிர்காலம்

குளிரைப் பழக்க எங்களுக்குக் கிடைத்த இடம் லாலாகுடா பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் கிடங்கு. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில். உள்ளே போனால் மூக்குக்குள் முடி விறைக்கும். டீசல் மெக்கானிக் மோகன் முதல் நாளே இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, தலையில் மங்கி கேப் என்று வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். சொட்டச் சொட்ட வியர்வை. மூன்று தலைமுறையாக லாலாகுடா ரயில்வே காலனியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் ஆரம்பிக்கிற பேச்சு எந்த பாஷையில் போய் முடியும் என்று அவருக்கே தெரியாது.

வாசலிலேயே அவரை நிறுத்தினேன். அங்கே முதல் எதிரி வியர்வைதான், நனைந்த துணி உடம்புச் சூட்டையெல்லாம் வாங்கிவிடும், வியர்ப்பதற்கு முன்பே ஒரு சட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்றேன். "கைக்கு மேடம், ஏன்? குளிருக்குப் போடுன்றீங்க, அப்புறம் கழட்டுன்றீங்க!" என்று சண்டைக்கு வந்தார். ஒரு வழியாக எல்லோரையும் உள்ளே தள்ளிப் பாடம் முடித்து வெளியே வந்தேன். கிடங்கு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், பல்லு தடதடன்னு ஆடிக்கிட்டே குல்ஃபி சாப்பிடற ஆளுங்களை இப்பதான் பார்க்கறேன்" என்றார்.

இளகும் மண்

அந்தச் சுரங்கங்கள் இருக்கிற பக்கத்தில் மண்ணே வருஷம் முழுக்க உறைந்து கிடக்கும். இப்போது உலகம் சூடாவதால் அது இளகுகிறது. ரோடு திடீரென்று உள்வாங்கும். சுரங்கக் கழிவைத் தேக்கி வைத்திருக்கிற குளத்தின் கரை பிளந்தால் விஷத்தண்ணீர் ஆற்றில் கலந்து, மீனிலிருந்து மான் வரைக்கும் குடிக்கிற எல்லாவற்றையும் பாதிக்கும். இதையெல்லாம் குரலை ஏற்றி இறக்கி, படம் போட்டுக் காட்டி விளக்கினேன். ஒருவரும் அசையவில்லை. பயந்துவிட்டார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

"ரோடு உள்ளே போனா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். "நம்ம ஊர்ல மழைக்காலத்துல என்ன செய்வோமோ அதேதான் மேடம். சுத்திக்கிட்டு வேற ரோட்டுல போவோம்" என்றார்.

முகம் பார்க்கும் பாடம்

என் பாடத்திலேயே முக்கியமானது இது. கடுங்குளிரில் மூக்கும் கன்னமும் உறையும்போது நமக்கே தெரியாது. முதலில் எரியும், வலிக்கும். பிறகு வலி நின்றுவிடும், தோல் மெழுகு மாதிரி வெளுக்கும். அதனால் வெளியே தனியாகப் போகக்கூடாது. இரண்டிரண்டு பேராகப் போய், அடிக்கடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். "வலிச்சா நல்லது. வலி நின்னா உள்ளே ஓடு. தேய்க்காதே" என்று தினமும் எல்லோரையும் கத்திச் சொல்ல வைப்பேன்.

மீசை வைத்த ஆண்களை எதிரெதிரே நிறுத்தி முகத்தை உற்றுப் பாருங்கள் என்றால் என்ன ஆகும்? ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். மோகன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து உட்கார்ந்தேவிட்டார். "நக்கோ மேடம், வேணாம்! என் பொண்டாட்டியே என் மூஞ்சியை இவ்ளோ நேரம் பார்த்ததில்ல" என்றார்.

பொண்டாட்டி வந்தார்

மறுநாள் அந்தப் பொண்டாட்டியே வந்து நின்றார். பெயர் கவிதா. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று வந்தேன் என்றார். அவர் கண்ணைப் பார்த்ததுமே உண்மையான காரணம் தெரிந்தது, ராத்திரி அழுதிருக்கிறார். ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்கக் கேட்டார். மற்றவர்களோடு சேர்ந்து "வலி நின்னா உள்ளே ஓடு" என்று அவரும் கத்தினார். மோகனைவிடச் சத்தமாக.

கிளம்பும்போது, அங்கே இவர் மூஞ்சியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். கூட வேலை செய்கிற ஒருத்தர் எப்போதும் பக்கத்தில் இருப்பார் என்று தைரியம் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. "அந்த ஆளுக்குக் கண்ணு நல்லா தெரியுமா மேடம்?" என்றார்.

வீடியோ கால்

ஜனவரியில் ஒரு மத்தியானம், மாரெட்பள்ளியில் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கவிதா வீடியோ காலில் வந்தார். "மேடம், பனி பார்த்ததே இல்லன்னீங்களே, இவர் காட்டறாரு பாருங்க!" இன்னொரு கட்டத்தில் மோகன், தலை முதல் கால் வரை மூட்டை மாதிரி. எங்களுக்குக் காட்டுவதற்காகவே குடியிருப்பிலிருந்து தனியாக வெளியே வந்து, பேச வசதியாக முகமூடியையும் கீழே இறக்கியிருந்தார். பின்னால் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை, வெள்ளை, ஒரே வெள்ளை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரத்தைக் காட்டுங்கள், தரையைக் காட்டுங்கள் என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பனியைப் பார்த்தேன். கவிதா மூக்கைப் பார்த்தார். "ஏங்க, மூக்கு நுனி ஏன் வெள்ளையா இருக்கு?" விளக்கு வெளிச்சம் அப்படி என்றார் மோகன். "வலிக்குதா?" "வலியே இல்ல. முன்னாடி எரிஞ்சுது, இப்ப நின்னுடுச்சு" என்று சிரித்தபடி மூக்கைத் தேய்க்கக் கையைத் தூக்கினார். "தேய்க்காதீங்க! உள்ளே ஓடுங்க! ஓடுங்க!" கவிதா போட்ட கத்தலில் என் மடியிலிருந்த துணி கீழே விழுந்தது. அதே நேரம் மோகன் இருந்த கட்டம் கறுத்துப்போனது. குளிரில் போன் செத்திருக்க வேண்டும். போன்தானா, ஆளுமா? திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். மணி அடிக்கவே இல்லை. இவ்வளவு நாள் வாயால் நடத்திய பாடம் அப்போதுதான் எனக்கே உறைத்தது.

கடைசியில் கட்டம் வெளிச்சமானது. உள்ளே, ஹீட்டர் சூடு நேரே படாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார் மோகன். மூக்கு தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. முகாம் நர்ஸ் பார்த்துவிட்டாராம், மூக்கு பிழைத்ததாம். "அய்யோ, உயிர் போற வலி" என்று முனகினார். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடே அதிரும்படி சிரித்தார். "வலிக்குதாம் மேடம், வலிக்குதாம்!"

பனியைப் பார்க்காத நான் பாடம் நடத்தி, பனியைப் பார்க்காத கவிதா அதைக் கவனமாகக் கேட்டு, பனிக்குள் நின்றவர் மட்டும் மறந்துபோன அந்த நாளிலிருந்து, என் வகுப்பில் மனைவிமார்களுக்குத்தான் முதல் வரிசை.