நேசமணி அண்ணன் எடுத்த இன்சூரன்ஸ்

ஒரு நாள் என் மகள் ஷிஜி வெறுங்காலோடு விளையாடப் போனாள். அவளுடைய கேன்வாஸ் ஷூவின் அடி கழன்றுவிட்டது. புதிது வாங்க அப்போது வழியில்லை. மற்றப் பிள்ளைகள் அவள் காலைப் பார்ப்பதற்கு முன்பே நேசமணி அண்ணன் தம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "எல்லாரும் ஷூவ களத்துங்க மக்கா, இன்னைக்கு வெறுங்கால் ஓட்டமாக்கும்" என்றாராம். ஷிஜி அதை உண்மை என்றே நம்பி வீட்டில் வந்து சொன்னாள். நான் திருத்தவில்லை.

நேசமணி அண்ணன் வெள்ளறடை சந்திப்பில் ஆட்டோ ஓட்டினார். பட்டாளத்தில் இருந்தபோது சாஃப்ட்பால் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் சபைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், இந்து கிறிஸ்தவம் பார்க்காமல் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, சாயங்காலம்தோறும் சொல்லிக்கொடுத்தார். சாஃப்ட் என்று பேர்தான். பந்து கல்லுப்போல இருக்கும்.

தொண்ணூற்றாறில் திருவனந்தபுரத்தில் ஒரு போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் எடுத்த அணிதான் இறங்கலாம் என்று நிபந்தனை. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஏஜென்ட் பொன்னப்பன் சபை முற்றத்துக்கு வந்தார். தாய்மார் எல்லாரும் கூடியிருந்தோம். இரண்டு வகை உண்டு என்றார் அவர். ஒன்று, ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவைக் கொடுக்கும். மற்றது, பிள்ளை இறந்தாலோ, கையோ காலோ கண்ணோ போனாலோ மொத்தமாகப் பணம் கொடுக்கும். இரண்டையும் எடுக்க எங்களுக்கு வகையில்லை.

அண்ணன் இரண்டாவதைத்தான் கேட்டார். "ஆஸ்பத்திரிச் செலவு வந்தா நாம வீடு வீடா பிரிவு எடுத்தாவது கெட்டலாம். ஒரு பிள்ளைக்கு கண்ணு போனா, அதுக்க ஆயுசு முழுக்க ஆரு பாப்பா?"

அணியில் இருந்த அஞ்சுவின் அம்மா ஸ்ரீகுமாரி சட்டென்று எழுந்தாள். "அண்ணா, கரிநாக்கு வளைக்காதேயும்! எனக்க பிள்ளைக்க சாவுக்கும் கண்ணுக்கும் வில போட்டு, அதுக்கு அடியில நான் ஒப்பு போடணுமா?"

கெட்டதை வாயால் சொன்னால் அது பலித்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் பெரிய பயம் உண்டு. எழுதிக் கையெழுத்தும் போட்டால் பின்னே கேட்கவே வேண்டாம்.

"இது ஒரு பேச்சுக்காக்கும் அக்கா" என்றார் பொன்னப்பன்.

"அப்போ உமக்க நாக்குக்கு என்ன வில? அது போனா ஊருக்கு லாபம்" என்றாள் ஷிஜியின் சிநேகிதியைப் பெற்ற ஜெயபாய். முற்றம் முழுக்கச் சிரித்தது. பொன்னப்பனும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஸ்ரீகுமாரி, "அத எடுத்தா அஞ்சு இனி வராது" என்று முடித்துவிட்டாள். மற்றவர்களும் எழுந்தார்கள். அஞ்சு இல்லாவிட்டால் மட்டைக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்க வேறு ஆள் கிடையாது.

"பட்டாளத்துல எல்லாருக்க சாவையும் எழுதி வாங்கித்தான் ஆளச் சேக்கினும். நான் செத்தா போனேன்?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, "சரி, ஆஸ்பத்திரி உள்ளத எடுப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சியில், வியர்வை துடைக்க அஞ்சு பந்து பிடிக்கும்போது போடும் கம்பி முகமூடியைத் தூக்கிய நேரம், மட்டையின் ஓரத்தில் உரசிய பந்து அவளுடைய இடது கண்ணில் வந்து அடித்தது. அண்ணன் ஆட்டோவை எடுத்தார். பிள்ளையை நான் மடியில் போட்டுக்கொண்டு உரக்க ஜெபித்தேன்.

டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். பார்வை போய்விட்டது. படுத்த செலவை இன்சூரன்ஸ் தட்டாமல் கொடுத்தது. கண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஸ்ரீகுமாரி பொன்னப்பனைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனைத்தான் பிடித்து நிறுத்தினாள். "நாங்க அறிவில்லாத்தவளுக. உமக்குத் தெரியும் இல்லியா அண்ணா? தெரிஞ்ச நீரு எதுக்கு எங்க பேச்சக் கேட்டு வழங்கினீரு?"

அவர் தலை குனிந்து நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன். அன்று முற்றத்தில் எழுந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆட்டோவை விற்று, அஞ்சுவையும் தாயையும் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். அதன்பின் ஒரு தாயும் பிள்ளையை அனுப்பவில்லை. மழை வந்ததும் மைதானத்தில் மரச்சீனிக் கிழங்கு நட்டார்கள். அந்தக் கண்ணுக்காக நான் தினமும் முழங்காலில் நின்றேன். கேட்டது கிடைக்கவில்லை. கர்த்தரின் சித்தம் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மறுவருஷம் அண்ணன் வடக்கே காசர்கோட்டுப் பக்கம் ரப்பர் வெட்டப் புறப்பட்டார். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பையோடு நின்றார்.

"எப்போ வருவீங்க அண்ணா?" என்று கேட்டேன்.

புறப்படுகிறவர்கள் எங்கள் ஊரில் "வாறேன்" என்று சொல்லித்தான் போவார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தங்கச்சி, நான் சொன்னா அஞ்சுக்க வீட்டுல கேக்கமாட்டினும், நீ சொல்லணும். அவளுக்க இடது பக்கமா போறவங்க ஒரு சத்தம் குடுத்துட்டுப் போகணும். பிள்ள திடுக்குன்னு பேடிச்சுப் போவுது."