பன்னிரண்டு பேரும் ஃபிட்டாம்

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். அண்ணன் பார்த்தால் நான் தொலைந்தேன்.

சனிக்கிழமை கால்பந்து லீக் ஆரம்பம். எங்கள் தோட்டத்துக் குழுவில் மொத்தமே பன்னிரண்டு பேர். மற்றவர்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கேப்டன் என் அண்ணன்தான்.

"எல்லாரும் ஃபிட்டா இருக்கோம் லா" என்கிறார். நான் நம்பவில்லை.

இன்று அம்மாவுக்குத் தைலம் வாங்க ஈப்போவில் சீன வைத்தியர் கடைக்குப் போனேன். எங்கள் கோல்கீப்பர் குமார் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"புது பூட்ஸ் கடிச்சிருச்சி, தங்கச்சி. ஒங்கண்ணேகிட்ட சொல்லிடாத லா."

கட்டு முழங்கால் வரை இருந்தது. எந்த பூட்ஸ் முழங்காலைக் கடிக்கும்?

உள்ளே வைத்தியர் தைலத்தை நீட்டியபடி மலாயில் கேட்டார், அண்ணனின் முட்டி வீக்கம் குறைந்துவிட்டதா என்று.

அண்ணனுக்கு ஏற்கெனவே அடிபட்ட அதே முட்டி. இன்னொரு முறை அடிபட்டால் ஆபரேஷன்தான் என்று போன வருடமே டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போதுதான் புரிகிறது, எங்கள் வீட்டு ஐஸ் தட்டு ஏன் மூன்று நாளாகக் காலி என்று.

மற்ற வீரர்களின் தங்கைகளே, உங்கள் வீட்டு ஐஸ் தட்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஐயோ, அண்ணன் கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, ஐஸ் தட்டுல தண்ணி ஊத்துனியா, இல்லியா?"