முதலாளிக்குத் திருப்தி

எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு அருப்புக்கோட்டையில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். ஆறு மாதம் தற்காலிகம். முதலாளிக்குத் திருப்தி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் திருச்சுழிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டுக்குத் திரும்பிப்போய், அப்பாவோடு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்கு முன்னால் அங்கே இருந்தவரும் எங்கள் கல்லூரி எம்.எஸ்ஸி.தான். திடீரென்று உடம்புக்கு முடியாமல் செத்துப்போனாராம். உப்பு சரியாக இருந்தால்தான் சாயம் நூலில் ஏறும். கிணற்றுத் தண்ணீரோ நாளுக்கு ஒரு உப்பு. அதனால் அவர் சாயத்தைக் கரண்டியில் எடுத்து ஆற்றி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். சே, படித்தவன் செய்கிற வேலையா இது? நான் உப்பைத் தராசில் நிறுத்துப் போட்டேன். சிவப்பு தினம் ஒரு மாதிரி வந்து என் மானத்தை வாங்கியது. முதலாளி திட்ட மாட்டார். "அவுக இருந்தா..." என்று இழுப்பார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

ஒரு மத்தியானம் தொட்டிப் பக்கம் யாருமில்லை. கரண்டியை எப்போது எடுத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. நாக்கில் கசப்பு. "இன்னும் ரெண்டு கை உப்புப் போடணும்" என்றேன், யாரிடமோ. அன்று சிவப்பு கண்ணைப் பறித்தது. வேலையாட்கள் நூலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து நான் நடந்தால் ஒதுங்கி நின்றார்கள்.

ஆறாம் மாதம் எங்கள் பேராசிரியர் வந்தார். தன் மாணவர்கள் வேலை பார்க்கிற இடத்துக்கே போய் விசாரிப்பது அவர் வழக்கம். "பையன் எப்படி?" என்றார்.

"ரெம்பத் திருப்திங்கய்யா. போனவுகளையே திரும்ப அனுப்பி வச்ச மாதிரி இருக்கு." முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "கரண்டி பிடிக்கிறது, நிக்கிறது, எல்லாம் அவுகதான். நேத்து எங்க வீட்டுல சாப்பிடயில, குழம்புல உப்பே இல்லன்னாரு. அவுகளும் கடைசியில அப்படித்தான் சொன்னாக."

பேராசிரியர் சந்தோஷமாக என் தோளைத் தட்டினார். எனக்கு ஊருக்கே ஓடிவிடலாம் போலிருந்தது. சாயங்காலம் திருச்சுழி பஸ்ஸு கண்முன்னே வந்து நின்றது. ஏறவில்லை. பாழாய்ப்போன அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

மறுநாள் நிரந்தர ஆளாகத் தொட்டியருகே போனேன். சாயத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பும் இல்லை, கசப்பும் இல்லை. ஒன்றுமே தெரியவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும்" என்றேன்.

அன்றைக்கும் சிவப்பு அச்சு அசலாக வந்தது.