ஒன்றாம் எண் உறுப்பினர்

நூலகத்தில் அவளை எல்லாரும் சீல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடமாகப் புத்தகங்களின் கடைசித் தாளில் திருப்பித் தர வேண்டிய தேதியை ஓங்கிக் குத்தியதில் வந்த பெயர். அவள் கையிலிருந்து கார்டு இல்லாமல் ஒரு புத்தகம் வாசல் தாண்டியதில்லை, பெரிய அதிகாரிகள் எடுத்தாலொழிய.

கம்ப்யூட்டர் வந்ததும் நூலகத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாசகர்கள் கூடத்தில் வியர்த்து வழிய, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி அறை, குளிர்சாதனம், அளவெடுத்துத் தைத்த உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். தூசி பட்டால் அதற்கு ஆகாதாம். இருபது வருடமாகத் தூசியில் தும்மிக்கொண்டிருந்த ஊழியர்களுக்காக யாரும் ஒரு ஜன்னலைக்கூடத் துடைத்ததில்லை.

சொல்லிக்கொடுக்க வந்த இன்ஜினியர், "சும்மா பழகிப் பாக்க ஒரு மெம்பர் பேரு குடுங்க" என்றார். மற்றவர்கள் நழுவ, சீல் அக்கா பெருமையோடு தன் பெயரைக் கொடுத்து ஒன்றாம் எண் உறுப்பினர் ஆனாள். மூன்று மாதம் ஆளாளுக்கு அவள் எண்ணில் புத்தகம் கொடுத்துப் பழகினார்கள். திரும்ப வாங்குவதை இரண்டாம் கட்டப் பயிற்சியில் சொல்லித்தருவதாகப் போன இன்ஜினியர் போனவர்தான். பிறகு அவர்களே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார்கள். பழகியதை அழிக்க வேண்டும் என்று மட்டும் அந்த அறிவாளிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு ஓய்வு. நூலகப் புத்தகம் எதுவும் பாக்கி இல்லை என்று தலைமை நூலகர் கையெழுத்துப் போட்டால்தான் பென்ஷன்.

"உங்க பேர்ல நானூத்திப் பன்னெண்டு புத்தகம் இருக்கே?" என்றார் அவர்.

"எல்லாம் அலமாரியில இருக்கு சார். பழகுறப்போ ஏத்துனது."

"இருக்கலாம். ஆனா கம்ப்யூட்டர் தப்பு சொல்லாதுல்ல? ஒவ்வொண்ணா கொண்டுவந்து காட்டுங்க. கண்ணால பாத்துட்டு வரவு வைக்கலாம்."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நானூறு புத்தகத்தை எங்க ஒளிச்சு வச்ச? கட்டிலுக்கு அடியிலயா?" என்றார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அன்று அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

கடைசி வாரம் முழுக்க அவள் ஏணியில் ஏறி இறங்கினாள். முட்டி வீங்கியது. பொதி பொதியாகக் கொண்டுபோய் வைத்தாள். தலைமை நூலகர் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தங்க நகை போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி நாள் மத்தியானம் நானூற்றுப் பதினொன்று தேறியது.

"ரோஜா வளர்ப்பு எங்க?" என்றார்.

அக்கா சற்றுத் தயங்கினாள். "அது உங்க வீட்டுல இருக்கு சார். நாலு வருஷம் முன்னாடி பைல போட்டுக்கிட்டுப் போனீங்க. அதிகாரிங்களுக்கு எழுதுற பழக்கம் இல்லையேன்னு விட்டுட்டேன். பழகுனவங்க புத்தகத்தைப் பாக்காம, இங்க தங்கிப்போன அதோட கார்டை மட்டும் பாத்து என் பேர்ல ஏத்திட்டாங்க."

அவர் முகம் கறுத்தது. "என் பேர்ல இருக்கான்னு அதுலயே பாருங்களேன்."

பார்த்தாள். பச்சை எழுத்துகளில் அவர் பெயருக்கு நேராக ஒன்றுமில்லை. "அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். முப்பத்தோரு வருடம் நேர்மையாகக் குனிந்த முதுகு அந்த நிமிடம் எரிந்தது.

அவர் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தபோது அக்கா திரையை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ஒன்றாம் எண் காலியாக இருந்தது. ரோஜா வளர்ப்பு அவர் பெயருக்கு நேரே பச்சையாக மின்னியது.

"இது எப்போ...?"

"நாலு வருஷம் ஆச்சு சார். இன்னிக்குத்தான் ஏறியிருக்கு."

அடுத்த வருடம் அவருக்கும் ஓய்வு. அவர் பேனாவைத் தேடி எடுத்து, அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.