புளியமரத்துத் தேவாங்கு

ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அழிந்துவரும் விலங்குகள் என்று சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் போட்டிருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் காண்டாமிருகத்துக்கு நான் எங்கே போவேன்? எரிச்சலில் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு எதிரே இருந்த சாலையோரப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். கிளைக் கவட்டையில் ஒரு தேவாங்கு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மலையடிவாரக் காடெல்லாம் கரும்புத் தோட்டமாகிவிட்டது, இதற்கு மிஞ்சியது இந்த மரம்தான் என்றேன்.

அன்றிலிருந்து ஒரு பெண் தினமும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாள். நான் வருகைப் பதிவை எடுத்து முடித்ததும், "அதுவும் இருக்குது சார்" என்பாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்த வருஷம் எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் கிடந்த என் தம்பிக்காக அந்தக் கோரிக்கையை நான் முழுமனதாக நம்பினேன். இன்றும் நம்புகிறேன். பஸ்ஸை நிறுத்த மரங்களை வெட்டிச் சாலையில் தள்ளினார்கள். மூன்றாவதாக எங்கள் மரத்துக்கு வந்தார்கள். கோடாலியோடு முன்னால் நின்றவர் அந்தப் பெண்ணின் அப்பா.

அவள் கூட்டத்துக்குள் புகுந்து என்னிடம் ஓடிவந்தாள். "அப்பா கேக்க மாட்டேங்குது சார். அது தூங்கிக்கினு இருக்குது. நீங்க சொன்னா நிறுத்துவாங்க."

சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். வாத்தியார் சொல்லுக்கு அப்போது அவ்வளவு மரியாதை இருந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் நடுவில், ஒரு தேவாங்குக்காகப் போராட்டத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று பேர் வாங்க எனக்குப் பயம்.

"இன்னா வாத்தியாரே, சும்மா நிக்கிறீங்க? கயிறப் புடிங்க" என்றார் அவள் அப்பா.

பிடித்தேன். இழுத்தேன்.

மரம் சாயும்போது அணில்கள் தாவி ஓடின. தேவாங்குக்கு ஓடத் தெரியாது. பயந்தால் கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விழுந்த கிளைக்கு அடியிலும் அப்படியே பிடித்தபடி செத்துக் கிடந்தது. அவள் அழவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். வெட்கத்தில் அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பள்ளி திறந்ததும் பாடத்தை முடித்தாக வேண்டியிருந்தது. குறிப்பு சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அரையாண்டுத் தேர்வில் விலங்குகள் அழிவதற்குக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி. 'மனிதர்கள் அறியாமையால் மரங்களை வெட்டுகிறார்கள்' என்று, நான் சொன்னதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அவள் எழுதியிருந்தாள்.

முழு மதிப்பெண் போட்டேன்.