கார் ரேடியோவில் கேட்காமல் போன பேச்சு

கிணத்துக்கடவில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தென்னையைத் தாக்கிய வெள்ளை ஈயை மருந்தடிக்காமல் கட்டுப்படுத்தியதைப் பற்றி என் மனைவி செல்வி வானொலியில் பேசியிருந்தாள். ஒலிபரப்பான அன்று காலை உறவினர் திருமணத்துக்காகக் காரில் கோவை போய்க்கொண்டிருந்தோம்.

அவள் பேச்சைக் கேட்க ரேடியோவில் ஏ.எம். அலைவரிசையை வைத்தால் கொர்ரென்ற இரைச்சல்தான் வந்தது. ஒரு மாதமாகவே அப்படித்தான். மெக்கானிக் ஏரியலை மாற்றியும் பயனில்லை. வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். அப்போதும் இரைச்சல் போகவில்லை. எரிச்சலில் ரேடியோவை ஓங்கித் தட்டினேன்.

“ஏனுங்க, போன மாசம் வாங்கின செல்போன் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. அது வந்த பொறகுதான் இப்படி இரையுது.”

“சார்ஜருக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா இரு.”

மீண்டும் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் அவளே சார்ஜரைப் பிடுங்கினாள். இரைச்சல் சட்டென்று நின்றது.

“இதுவரை பேசியவர், கிணத்துக்கடவு செல்வி” என்றார் அறிவிப்பாளர்.

மண்டபம் வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மலிவான சார்ஜர் ஏ.எம். ஒலிபரப்பைக் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் ரேடியோ இரைந்தால், கேமரா, சார்ஜர் என்று காரில் நாமாக மாட்டியவற்றை முதலில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறேன். செல்வி பேசியதை மட்டும் இன்றுவரை நான் கேட்கவில்லை.